சாமான் அறை என்று நான் எழுதிய அறை

போன மாதம் உங்கள் தொழில் பயிற்சி வகுப்பில் என்னைப் பேச அழைத்தபோது உங்கள் சாமான்களைப் பார்த்தேன். நல்ல முகமூடி, நல்ல கையுறை, வாசலில் கட்ட மஞ்சள் நாடா. எங்களுக்குக் கிடைக்காத சாமான்கள். சந்தோஷம். ஆனால் பேச்சு முடிய உங்களில் ஒருவர் எழுந்து, "வீட்டுக்காரர் உண்மையைச் சொல்லாவிட்டால் நாங்கள் என்ன செய்ய ஏலும்?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மேசையில் அடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அது மரியாதை இல்லை. பதிலும் இல்லை. அதனால் இப்போது எழுதுகிறேன். அழகாக எழுத எனக்கு வராது. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்கிற விஷயத்தில் பிழை இருந்தால் வீட்டுக்கு வந்து சண்டை பிடியுங்கள்.

திருகோணமலையில் பழைய கட்டடங்களைத் திருத்தும் வேலையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தேன். ஆட்கள் குடியிருக்கும் வீடுகளில்தான் அதிக வேலை. வெறும் கட்டடத்தில் பெயின்ற் உரிக்கும் மருந்து பாவிப்பது சுலபம். ஆள் இருக்கும் வீட்டில் மருந்து அடைத்த ஒவ்வொரு ரின்னைத் திறக்கும்போதும் அந்த வீட்டுக்காரரின் மூச்சையும் சேர்த்துத்தான் திறக்கிறோம். இது எனக்கு ஒரு வீட்டில், ஒரு காலை நேரத்தில் விளங்கியது. ஓய்வு பெறுவதற்கு ஆறு வருடங்களுக்கு முன்பு நடந்தது.

உட்துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் வீடு. கீழே கல்லுச் சுவர், மேலே பலகைத் தளம் போட்ட மாடி. வீட்டுக்காரி ஓய்வு பெற்ற ஆசிரியை. ரோட்டில் போகிறவர்கள்கூட ரீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். கணவர் இறந்து பல வருடம். மாடியிலுள்ள கதவு, யன்னல், படிக் கைப்பிடி எல்லாம் நல்ல தேக்கு. அதற்கு மேல் யார் யாரோ பூசிய பெயின்ற் தோல் மாதிரித் தடித்துக் கிடந்தது. அதை உரித்து மரத்தை வெளியே எடுக்க வேண்டும். "ஒரு விசேஷம் வருது தம்பி, கெதியா முடிச்சுத் தாங்கோ" என்றார். என்ன விசேஷம் என்று நான் கேட்கவில்லை.

வேலை தொடங்க ஒரு வாரத்துக்கு முன் வீட்டைப் பார்க்கப் போனேன். கையில் படிவம். எல்லா அறையையும் நடந்து பார்த்து எழுத வேண்டும்.

"வீட்டில எத்தனை பேர் ரீச்சர்?"

"நான் ஒராள்தான்."

கீழே மாடிக்கு நேரே அடியில் ஓர் அறை. கதவு சாத்தியிருந்தது. அதைக் காட்டிக் கேட்டேன்.

"அது சாமான் அறை தம்பி. ஒரே குப்பை. பார்க்க ஒண்டும் இல்லை."

நானும் "சாமான் அறை" என்று எழுதிவிட்டு அடுத்த பக்கம் போனேன். கதவின் கைப்பிடியில் கை வைத்திருந்தால் போதும். ஒரு நிமிடம் செலவாகியிருக்கும். ஒரு கிழவி பொய் சொல்ல என்ன காரணம் என்று நினைத்தேன். காரணம் இருப்பவர்கள்தான் பொய் சொல்வார்கள் என்று நினைக்கவில்லை.

வேலைக்கு என்னோடு வந்தது நசார். கிண்ணியா ஆள். பத்து வருடம் என்னிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு வேலை செய்தவன். நான் ஏசினால் சிரிப்பான். அவன் சிரித்தால் எனக்கு இன்னும் ஏச்சு வரும். அப்படி ஒரு சோடி நாங்கள்.

அன்று பாவித்தது ரிமூவர். பசை மாதிரி இருக்கும். பூசி வைத்தால் பெயின்ற் கொப்பளித்து எழும், வழித்து எடுக்கலாம். அதன் ஆவி காற்றைவிடப் பாரம். மேலே போகாது, தண்ணீர் மாதிரித் தாழ்ந்த இடம் தேடி இறங்கும். இன்னொன்று, அந்த ஆவி தணலிலோ நெருப்பிலோ பட்டால் வேறு நஞ்சாக மாறும். நெஞ்சைப் பிடிக்கும் நஞ்சு. இவை எல்லாம் எனக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். புதுப் பொடியன்கள் பலருக்கு நானே வகுப்பு எடுத்தவன். அதனால்தான் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு வெட்கம்.

குசினி அடுப்பை அணைக்கச் சொன்னேன். ரீச்சரை முன் விறாந்தையில் கதிரை போட்டு இருக்கச் சொன்னேன். மாடியில் கிழக்கு யன்னலும் மேற்கு யன்னலும் முழுக்கத் திறந்தேன். காற்று ஒரு பக்கத்தால் வந்து மறு பக்கத்தால் போகும். கணக்குச் சரி. காலை எட்டு மணிக்கு எல்லாம் சரியாகவே இருந்தது.

பத்து மணிக்குக் கச்சான் தொடங்கியது.

கச்சான் காற்று உங்களுக்குத் தெரியும். தரைப் பக்கத்தால் சூடாக, மண்ணை அள்ளிக்கொண்டு வரும். இந்த ஊரில் பிறந்தவனுக்குக் கச்சான் தொடங்கினால் கை தானாக மேற்கு யன்னலுக்குப் போகும். நடக்கப் பழகிய நாளிலிருந்து பழகிய கை. பூசிய மருந்தில் மண் ஒட்டப் பார்க்கிறது என்று கண்டதும், "மேற்கைச் சாத்தடா" என்று கத்தினேன். நசார் சாத்தினான். கொழும்பிலிருந்து வந்த ஒருவன் அந்த வேலையைச் செய்திருந்தால், யன்னலைச் சாத்து என்று சொல்லியிருக்க மாட்டான். ஏன் என்று ஒரு தரம் யோசித்திருப்பான். நான் யோசிக்கவில்லை. யோசிக்காமல் செய்யும் வேலைகள்தான் எங்களைப் பிடித்துத் தின்கிறவை.

ஒரு பக்கம் அடைத்தால் மற்றப் பக்கம் திறந்திருந்தும் காற்று ஓடாது. ஆவி அறையிலேயே நின்றது. நின்ற ஆவி பலகை இடுக்குகளால் கீழே இறங்கியது. எங்கள் முகத்தில் முகமூடி. எங்களுக்கு ஒன்றும் மணக்கவில்லை.

பதினொரு மணி போல நசார் தேத்தண்ணி குடிக்க இறங்கிப் பின்பக்கக் கிணற்றடியில் கை, முகம் கழுவி, மேலங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, எனக்கும் ஒரு கோப்பையோடு பின் படிக்கட்டுக்கு வந்தான். நானும் வெளியே வந்து முகமூடியை இறக்கினேன். சாம்பிராணி மணந்தது.

"ரீச்சர் நமக்குப் பூசை வெக்கிறா போல பாஸ்," என்றான் நசார். "நீங்க ஏசுற ஏச்சுக்கு ஊட்டுல பேய் புகுந்திட்டு எண்டு நினைச்சிருப்பா."

நானும் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றது.

சாமிக்குச் சாம்பிராணி போடுவது விடியவும் பின்னேரமும். பகல் பதினொரு மணிக்கு எந்த வீட்டில் சாம்பிராணி போடுவார்கள்? எனக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டு தரமும் பிள்ளை பிறந்த பிறகு என் மனைவி முப்பத்தொரு நாள் அறைக்குள் இருந்தவள். வெயில் ஏறின பிறகு பிள்ளையை முழுக்காட்டி, தலை துவட்டி, சட்டியில் தணல் போட்டு, அதில் சாம்பிராணி தூவி, அந்தப் புகையில் பிள்ளையைக் காட்டி எடுப்பார்கள். அந்த நேரம்தான் இது.

நசார் நீட்டிய தேத்தண்ணியை வாங்கினேனா என்றுகூட எனக்கு இன்றைக்கும் தெரியாது. கீழே ஓடினேன். விறாந்தையில் கதிரை மட்டும் இருந்தது. அந்தச் சாத்திய அறையின் கதவடியில் துணி அடைத்திருந்தது. உள்ளே இருந்து அடைத்த துணி.

"ரீச்சர், உள்ளுக்கு ஆர்?"

ரீச்சரின் குரல் மெல்ல வந்தது: "ஒருத்தரும் இல்லை தம்பி. நான் சாமான் அடுக்கிறன்."

அதற்குப் பின்னால் வேறொரு குரல் இருமியது. இளம் குரல்.

"ரீச்சர், பொய் சொல்ல இப்ப நேரம் இல்லை. உள்ள தணல் இருக்கோ? பிள்ளை இருக்கோ?"

கதவு நாலு விரல் அளவு திறந்தது. ரீச்சரின் கண் சிவந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கதவு இடுக்கால் வந்த மணத்தில் சாம்பிராணியும் இருந்தது, மருந்தும் இருந்தது, மூக்கைக் கீறுகிற இன்னொன்றும் இருந்தது. அந்த மூன்றாவது எது என்று எனக்குத் தெரிந்தது.

"உங்கட மருந்து மணம் வருது எண்டு கூடக் கொஞ்சம் சாம்பிராணி போட்டனான்," என்றார். "பிள்ளைக்கு மணம் ஆகாதெல்லோ."

கட்டிலில் அவருடைய மகள். நிமிர்ந்து இருக்கப் பார்த்தாள், முடியாமல் சரிந்தாள். பக்கத்தில் துணியில் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலம். அசையவில்லை.

"வெளிய வாங்கோ, எல்லாரும். இப்பவே."

"ஐயோ, கச்சான் அடிக்குது தம்பி! பத்தொன்பது நாள் பிள்ளை. பச்சை உடம்புக்காரி. காத்துப் பட்டால் என்ன ஆகும்?"

"காத்து ஒண்டும் செய்யாது ரீச்சர். இந்த அறைதான் கொல்லும்!"

அவர் கதவை விடவில்லை. நான் தள்ளித் திறந்து பிள்ளையைத் தூக்கக் கையை நீட்டினேன். நீட்டிய கையைப் பார்த்தேன். கையுறை முழுக்க மருந்து. ஏப்ரனில் மருந்து. முழங்கை வரை வழிந்து கிடந்தது. என் தோலையே கொப்பளிக்க வைக்கிற மருந்து. அந்தப் பிள்ளையை நான் தூக்கியிருந்தால் அதன் தோல் என் கையோடு வந்திருக்கும்.

கையை இழுத்துக்கொண்டேன். தம்பிமாரே, தங்கச்சிமாரே, முப்பது வருடத்தில் நான் செய்த மிகக் கடினமான வேலை அதுதான். இரண்டடி தூரத்தில் ஒரு குழந்தை கிடக்க, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றது.

மகள்தான் முடிவு எடுத்தாள். இருமலுக்கு நடுவில் சொன்னாள். "அம்மா, பிள்ளையைத் தூக்குங்கோ. அவர் சொல்லுறதைக் கேளுங்கோ."

ரீச்சர் தூக்கினார். நசார் எனக்குப் பின்னால் வந்து நின்றான். அவன் கழுவியிருந்தான், மேலங்கி இல்லை. உள்ளே போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, அந்த அவசரத்திலும், "தங்கச்சி, நான் புடிச்சுக்கிறேன், கோவிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் தோளைப் பிடித்தான். அவளை ஏறக்குறையத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். நான் முன்னால் ஓடி வாசலைத் திறந்தேன். அதற்கு மட்டும்தான் நான் உதவினேன்.

காற்று வருகிற பக்கமாக, வீட்டை விட்டுத் தள்ளி, வேலியோரம் வேப்பமரத்தடியில் இருத்தினோம். கச்சான் முகத்தில் அறைந்தது. ரீச்சர் சேலையால் பிள்ளையை மூடப் போனார். "மூடாதேங்கோ, காத்துப் படட்டும்" என்று கத்தினேன். பிள்ளை மூச்சு விட்டது. ஆனால் கண் திறக்கவில்லை. காலைத் தட்டினாலும் அழவில்லை. மகள் அதன் காலைப் பிடித்துத் தட்டிக்கொண்டே இருந்தாள். "அழு அம்மா, அழு ராசாத்தி, ஒருக்கா அழு" என்று கெஞ்சினாள்.

நசார் ஒரு வாளித் தண்ணீரோடு தணல் சட்டியை அணைக்க உள்ளே போகப் பார்த்தான். நான் விடவில்லை. ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள். சட்டிக்காக ஒரு மனிதனை அந்த அறைக்குள் அனுப்ப முடியாது. வெளியே நின்றபடியே தடியால் யன்னலைத் தள்ளித் திறந்தோம். பின்னேரம் வரை ஒருவரையும் உள்ளே விடாமல் பார்க்கப் பக்கத்து வீட்டுக்காரரை வாசலில் நிறுத்தி, நான் கையுறையும் ஏப்ரனும் கழற்றிக் கையைக் கழுவிவிட்டு, எல்லாரும் வான் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அன்று நான் சரியாகச் செய்த ஒரே விஷயம், காலையில் ரின்னைத் திறக்க முதல் அதன் லேபலைப் போனில் படம் எடுத்தது. எடுத்த பழக்கம்தான், புத்தி இல்லை. ஆஸ்பத்திரியில் டொக்டர், "என்ன மருந்து?" என்று கேட்டபோது போனை நீட்டினேன். அவர் வாசித்துவிட்டு ஓடினார். இந்த மருந்து மூச்சால் உள்ளே போனால் அடைத்த அறையில் கரிப்புகை செய்வதைப் போல இரத்தத்தையும் கெடுக்குமாம். அது எனக்கே அன்றுதான் தெரியும். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒக்சிஜன் வைத்தார்கள்.

வார்ட்டுக்கு வெளியே, ஆட்கள் காத்திருக்கும் நீள வாங்கில் ரீச்சரும் நானும் இருந்தோம். நான் அவருக்கு ஏசத் தயாராக இருந்தேன். ஏன் மறைத்தீர்கள் என்று கேட்க வாயைத் திறந்தபோது அவரே சொன்னார்.

"முந்தி ரெண்டு தரம் தங்கேல்லை தம்பி. ரெண்டு தரமும் ஊருக்கே சொன்னனாங்கள். எல்லாரும் வந்து பார்த்தவை. பிறகு எல்லாரும் துக்கத்துக்கும் வந்தவை. இந்தத் தரம் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. முப்பத்தொண்டு கழியட்டும், மாப்பிள்ளை ஆக்களைக் கூப்பிட்டு, வீட்டைப் பளிச்செண்டு வைச்சு, அப்ப சொல்லுவம் எண்டு இருந்தனாங்கள். அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டது."

எனக்கு ஏச்சு வரவில்லை. கையில் இன்னும் மருந்து மணம் இருந்தது. அவர் பக்கத்தில் இருக்கவே கூசி, வாங்கின் அந்த மூலைக்குத் தள்ளி இருந்தேன்.

மத்தியானத்துக்குப் பிறகு உள்ளேயிருந்து ஓர் அழுகைச் சத்தம் வந்தது. சின்னச் சத்தம், பூனைக்குட்டி மாதிரி. ரீச்சர் எழும்பவில்லை. என்னைப் பார்த்தார். "எங்கட பிள்ளைதானே?" என்று கேட்டார். அந்த வார்ட்டில் எத்தனையோ பிள்ளைகள். நான் எப்படிச் சொல்வது? தாதி எட்டிப் பார்த்து, "ரீச்சர், உங்கட பேத்தி அழுது ஆஸ்பத்திரியையே கூட்டுறா" என்று சொன்ன பிறகுதான் அவர் வாயில் சேலையை வைத்து அழுதார். நான் முற்றத்துக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நசார் பகிடி விட்டுச் சிரிக்காத ஒரே நாள் அது.

அடுத்த நாள் எங்கள் கொம்பனி முதலாளி எனக்குப் போன் எடுத்தார். "வீட்டுக்காரி ஆளை மறைச்சவ எண்டு எழுதித் தாரும். எங்களில பிழை இல்லை." எழுதக் கடதாசி எடுத்தேன். என் படிவம் மேசையில் இருந்தது. என் கையெழுத்தில் "சாமான் அறை." நான் எழுதியது: "கதவைத் திறந்து பார்க்கவில்லை. மேற்கு யன்னலைச் சாத்தச் சொன்னது நான்." முதலாளி மூன்று மாதம் என்னோடு கதைக்கவில்லை. அது எனக்கு நிம்மதியாகவும் இருந்தது.

தாயும் பிள்ளையும் நாலு நாளில் வீட்டுக்குப் போனார்கள். முப்பத்தோராம் நாள் ரீச்சர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். மாடி அரைகுறையாக உரித்தபடி கிடந்தது. அந்த வீட்டில் இனி ஒரு சொட்டு மருந்தும் திறப்பதில்லை, தாயும் பிள்ளையும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போன பிறகு கையால் சுரண்டி முடித்துத் தருகிறேன் என்று சொல்லத்தான் போனேன். வடை தின்னப் போகவில்லை. ஆனால் ரீச்சர் வடையும் தந்து, அந்த அறைக்கு முன்னால் நிறுத்தி ஒன்று சொன்னார்.

"தம்பி, நீங்கள் எத்தனை பேர் எண்டு கேட்டியள். அதுக்கு நான் எத்தனை தரமும் பொய்தான் சொல்லியிருப்பன். எந்த அறைக்குள்ள மணம் போகக்கூடாது ரீச்சர் எண்டு கேட்டிருந்தால், இதைக் காட்டியிருப்பன். ஆர் எண்டு சொல்லாமக் காட்டியிருப்பன்."

உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். இதை நான் எந்தப் பயிற்சியிலும் படிக்கவில்லை. அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் ஆளைக் கேட்டதில்லை, அறையைத்தான் கேட்டேன். "ஆர் எண்டு எனக்குச் சொல்லவேண்டாம். எந்த அறை எண்டு மட்டும் காட்டுங்கோ." பதில் சொல்லாமல் விரலை மட்டும் நீட்டியவர்கள் இருக்கிறார்கள். வெளியே வராத தமையன் இருந்த அறை. புருசனோடு கோபித்து வந்த தங்கச்சி இருந்த அறை. ஊருக்குச் சொல்லாத நோயாளி இருந்த அறை. நம்மூரில் எத்தனையோ வீடுகளில் அப்படி ஓர் அறை இருக்கிறது. அது அவர்கள் விஷயம். அங்கே மருந்து போகாமல் பார்ப்பது எங்கள் விஷயம். காட்டாவிட்டாலும் ஒவ்வொரு கதவையும் தட்டித் திறந்து பார்த்த பிறகுதான் ரின்னைத் திறப்பேன். திறக்க விடாவிட்டால் அந்த வீட்டில் மருந்து இல்லை, சுரண்டிதான். வேலை பிந்தும். பிந்தட்டும்.

அன்று நான் விறாந்தையில் வடையோடு நிற்க, மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். முழுகி, புதுச்சேலை கட்டியிருந்தாள். பிள்ளைக்கு நெற்றியிலும் கன்னத்திலும் கறுப்புப் பொட்டு. மன்னிப்புக் கேட்கப் பல நாளாக என்னென்னவோ நினைத்து வைத்திருந்தேன்.

"பிழை என்னிலதான் பிள்ளை," என்றேன்.

"ஓம்," என்றாள் அவள். "எனக்கு உங்களில கோவம் இருக்கு அண்ணை. அது இன்னும் போகேல்லை."

"போகவேண்டாம். இருக்கட்டும்."

"பிள்ளையைப் பிடியுங்கோ."

நான் கையைப் பின்னால் எடுத்தேன். மருந்தில் வெடித்த கை. மூன்று தரம் சவுக்காரம் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வந்திருந்தேன். ஆனாலும் எடுத்தேன்.

"வேண்டாம் பிள்ளை. என்ர கை..."

"கோவம் வேற, இது வேற," என்றாள். "விடியத் தொடக்கம் தூக்கி வைச்சிருக்கிறன், கை நோகுது. பிடியுங்கோ அண்ணை, நான் ஒரு வாய் சாப்பிட்டிட்டு வாறன்."

அவள் உள்ளே போய்ச் சோறு போட்டு, ஆறுதலாக, முழுவதும் சாப்பிட்டு வரும் வரைக்கும் நான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கதிரையில் அசையாமல் இருந்தேன்.